வேனிலும் கூடாரத்திலும் 12 வோல்ட் டிவி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் வேன், கார்களுக்கு வயரிங் வேலை பார்க்கிறேன். கார்த்திகையில் சபரிமலைக்கு வண்டி கட்டும்போதும், பள்ளிக்கூடம் லீவு விட்டதும் ஊட்டி, வால்பாறை என்று கிளம்பும்போதும் ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. போனில் அவசரமாகப் பதில் சொன்னால் பாதி விட்டுப்போகிறது. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்து இங்கே எழுதியிருக்கிறேன்.

எத்தனை இன்ச் என்பதைக் கடைசியாக முடிவு செய்யுங்கள். டிவியின் முதுகில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் உங்கள் வண்டி பேட்டரியையும் முதலில் பாருங்கள். கீழே உள்ள பதில்கள் எல்லாமே சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கும்.

அண்ணா, 12 வோல்ட் டிவின்னா என்னங்க? வீட்டு டிவிக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?

படம் காட்டும் விதத்தில் எந்த வித்தியாசமும் இல்லை. கரண்ட் உள்ளே போகும் இடத்தில்தான் வித்தியாசம். வீட்டு டிவி சுவரில் வரும் 230 வோல்ட் ஏசியை, அதாவது திசை மாறி மாறி ஓடும் கரண்டை வாங்கி, தனக்குள்ளேயே குறைந்த வோல்டேஜ் டிசியாக, அதாவது ஒரே திசையில் ஓடும் கரண்டாக மாற்றிக்கொள்கிறது. 12 வோல்ட் டிவிக்கு அந்த வேலை இல்லை. வண்டி பேட்டரி கொடுக்கும் டிசியை நேரடியாக எடுத்துக்கொள்ளும்.

டிவி மட்டும் என்றில்லை. அடாப்டர் வெளியே தனியாகத் தொங்கும் சின்ன டிவிகள், கம்ப்யூட்டர் மானிட்டர்கள், யூஎஸ்பி டைப் சி வழியாக ஓடும் மெல்லிய போர்ட்டபிள் மானிட்டர்கள் எல்லாமே இந்தக் குடும்பம்தான். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய மானிட்டரே சில சமயம் போதுமானதாக இருக்கும்.

எங்க வீட்டு டிவி வண்டிக்கு ஒத்து வருமான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

டிவியைத் திருப்பி ஸ்டிக்கரைப் பாருங்கள். வோல்டேஜ் எண்ணுக்குப் பக்கத்தில் அலை போன்ற ஒரு கோடு இருந்தால் அது ஏசி. ஒரு நேர்கோடும் அதன் கீழே விட்டு விட்டு வரும் சின்னக் கோடுகளும் இருந்தால் டிசி. 12 என்ற எண்ணும் டிசி குறியும் சேர்ந்து இருந்தால் வேலை சுலபம். 19 என்று இருந்தால் இடையில் வோல்டேஜை மாற்றிக் கொடுக்கும் ஒரு கன்வெர்ட்டர் வேண்டும். 100 முதல் 240 வரை என்று போட்டு அலைக்கோடு இருந்தால் அது நேராகச் சுவர் கரண்டில் ஓடுவது. அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

அதே ஸ்டிக்கரில் அல்லது பின் செருகும் துளைக்குப் பக்கத்தில் சின்ன வட்டமும் நடுப்புள்ளியும் பிளஸ், மைனஸும் வரைந்திருக்கும். நடுப்புள்ளியிலிருந்து போகும் கோடு பிளஸில் முடிந்தால் பின்னின் உள்பக்கம் பிளஸ். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், ஆனால் பார்க்காமல் செருகாதீர்கள். பின்னின் அளவும் முக்கியம். வெளிவட்டம் 5.5 மில்லிமீட்டராகவே இருந்தாலும் உள்துளை 2.1, 2.5 என்று இரண்டு வகை உண்டு. 2.5 பின்னை 2.1 முனையுள்ள டிவியில் செருகினால் உள்ளே போய்விடும், ஆனால் லூசாக இருந்து வண்டி குலுங்கும்போதெல்லாம் டிவி அணைந்து அணைந்து எரியும். டிவி கெட்டுப்போச்சு என்று கொண்டுவருகிறவர்களில் சிலருக்கு இந்தப் பின்தான் பிரச்சினை.

கார் பேட்டரி 12 வோல்ட், டிவியும் 12 வோல்ட். நேரா மாட்டிடலாம்தானே?

மாட்டலாமா என்பது டிவியைப் பொறுத்தது. பேட்டரியில் 12 வோல்ட் என்று எழுதியிருந்தாலும் அது என்றைக்கும் சரியாக 12-ல் நிற்பதில்லை. முழுதாகச் சார்ஜ் ஆகி, வண்டி ஆஃபாக இருக்கும்போது 12.6 வாக்கில் இருக்கும். என்ஜின் ஓடும்போது, அதோடு சுற்றி பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் அதை 14 வோல்ட்டுக்குப் பக்கமாகத் தூக்கும், 14.4 கூடக் காட்டும். செல்ஃப் அடிக்கும் நொடியில் 10-க்கும் கீழே விழும். அந்த நேரத்தில் மேலே எகிறும் சின்னச் சின்ன அடிகளும் உண்டு.

வண்டிக்கென்றே செய்த டிவிகளில் 10 முதல் 30 வோல்ட் வரை என்பது போல அகலமான எல்லை எழுதியிருக்கும். அதை நேராக மாட்டலாம். வெறும் 12 வோல்ட் என்று மட்டும் எழுதியிருந்தால், அது வீட்டு அடாப்டரின் சீரான 12 வோல்ட்டை நம்பிச் செய்தது. சில டிவிகள் 14-ஐத் தாங்கும், சில ஒரே சீசனில் போய்விடும். நடுவில் உள்ளே 9 முதல் 20 வோல்ட் வரை எது வந்தாலும் வெளியே 12 மட்டுமே கொடுக்கும் ஒரு டிசி கன்வெர்ட்டரைப் போட்டுவிடுங்கள். வாங்கும்போது வோல்டேஜை ஏற்றவும் இறக்கவும் இரண்டும் செய்கிற வகையா என்று கேட்டு வாங்குங்கள். இறக்க மட்டும் தெரிந்தது, பேட்டரி 12-க்குக் கீழே வந்ததும் கைவிட்டுவிடும். 5 ஆம்பியர் தாங்கும் ஒன்று 24 இன்ச் டிவிக்குத் தாராளம். சென்னை ரிச்சி தெரு போன்ற எலெக்ட்ரானிக்ஸ் கடைத் தெருக்களில் சுலபமாகக் கிடைக்கும்.

இன்வெர்ட்டர் ஒண்ணு வாங்கி வீட்டு டிவியையே ஓட்டிக்கிட்டா என்ன?

ஓடும். ஆனால் 12 வோல்ட்டை 230 ஆக்கி, அதை டிவி மறுபடியும் இறக்கி, இரண்டு இடத்தில் கரண்ட் சூடாகி வீணாகிறது. இன்வெர்ட்டர் சும்மா ஆன் ஆகி இருப்பதற்கே கொஞ்சம் தின்னும். 30 வாட் டிவிக்குப் பேட்டரியிலிருந்து 40 வாட்டுக்கு மேல் போகும். என்ஜின் ஓடும்போது இது பெரிய விஷயமில்லை. ராத்திரி வண்டியை நிறுத்திவிட்டுப் படம் பார்க்கும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

இன்னொன்று, மலிவான இன்வெர்ட்டர்கள் சுத்தமான சைன் வேவ், அதாவது வீட்டுக் கரண்ட் போலச் சீராக ஏறி இறங்கும் அலை கொடுப்பதில்லை. டிவி அடாப்டரில் உய்யென்ற சத்தம், அதிகச் சூடு எல்லாம் அதனால் வரும். அப்புறம், 230 வோல்ட் ஒயரை ஈரப் புல்லில் இழுத்து வைத்து, அதைச் சுற்றிக் குழந்தைகள் ஓடுவதை நினைத்தாலே எனக்குச் சங்கடமாக இருக்கிறது. 12 வோல்ட் ஒயரைத் தொட்டால் ஷாக் அடிக்காது. கூடாரம் போட்டுத் தங்குகிறவர்களுக்கு நான் 12 வோல்ட்டையே சொல்வதற்கு அது ஒன்றே போதும்.

எத்தனை இன்ச் வாங்கலாம்?

இங்கேதான் ஆசை ஜெயித்துவிடுகிறது. 19 இன்ச் டிவி ஏறக்குறைய 15 முதல் 20 வாட், 24 இன்ச் 25 முதல் 35 வாட், 32 இன்ச் 40 வாட்டுக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். போர்ட்டபிள் மானிட்டர் 15 இன்ச் அளவில் 10 வாட் வாக்கில் முடிந்துவிடும்.

காரில் பின்சீட்டுக்கு 10 முதல் 15 இன்ச்சுக்கு மேல் தேவையே இல்லை, கண்ணுக்கும் திரைக்கும் நடுவே இரண்டடிதான். டெம்போ டிராவலரில் கடைசி சீட் வரை தெரிய வேண்டுமென்றால் 24. கூடாரத்துக்கு முன்னால் பாய் விரித்து ஆறேழு பேர் உட்கார்ந்து பார்க்கவும் 24 போதும். 32 வாங்கியவர்கள் அதைப் பத்திரமாக வைக்க இடமில்லாமல் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே செருகி, திரையில் கீறலோடு திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

படம் பார்த்துட்டே இருந்து காலைல வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னா?

பயப்பட வேண்டிய விஷயம்தான், ஆனால் கணக்கு ரொம்பச் சுலபம். வாட்டை 12-ஆல் வகுத்தால் ஆம்பியர். அதை மணிநேரத்தால் பெருக்கினால் பேட்டரியிலிருந்து எவ்வளவு போகிறது என்று தெரிந்துவிடும். 24 இன்ச் டிவி 30 வாட், கூட ஒரு செட்டாப் பாக்ஸ் 10 வாட், ஆக 40. அது 3.3 ஆம்பியர். மூன்று மணி நேரப் படத்துக்கு 10 ஆம்பியர் அவர் (ஆம்பியர்-மணி).

சின்னக் கார்கள் பலவற்றில் பேட்டரி 35 ஆம்பியர் அவர்தான். இந்த வகை பேட்டரி செல்ஃப் அடிக்கச் செய்தது, ஆழமாக இறக்கி ஏற்றச் செய்தது அல்ல. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். அப்படிப் பார்த்தால் ஒரு படம், அதோடு சரி. பேட்டரிக்கு மூன்று வயதாகிவிட்டது என்றால் அந்த ஒரு படத்துக்கும் நடுவில் கொஞ்ச நேரம் என்ஜினை ஓட்டிக்கொள்ளுங்கள், நாலா பக்கமும் காற்றோட்டமான இடத்தில், கூடாரத்துக்குப் புகை போகாத தூரத்தில்.

லைட்டர் சாக்கெட்டில் செருகும் சின்ன வோல்ட் மீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள், விலை ரொம்பக் குறைவு. டிவி ஓடிக்கொண்டிருக்கும்போது அது 12.0 காட்டினால் படத்தை நிறுத்திவிடுங்கள். மறந்துவிடுவோம் என்று தோன்றினால், வோல்டேஜ் இறங்கினால் தானாகவே இணைப்பைத் துண்டிக்கும் கட்ஆஃப் கிடைக்கிறது. குடும்பத்தோடு மலையேறுகிற வண்டியில் அதை நான் கட்டாயம் போடச் சொல்வேன்.

அப்ப தனி பேட்டரி வெச்சுக்கறது நல்லதா? எது வாங்கறது?

இரண்டு நாள், மூன்று நாள் ஒரே இடத்தில் தங்குகிறவர்களுக்குத் தனி பேட்டரி மாதிரி நிம்மதி வேறில்லை. வண்டி பேட்டரியைத் தொடவே வேண்டாம். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை எடை குறைவு, கொள்ளளவில் 80 சதவீதம் வரை தயங்காமல் எடுக்கலாம். 20 ஆம்பியர் அவர் கொண்ட ஒன்று, மேலே சொன்ன 40 வாட் கணக்கில் நாலரை மணி நேரத்துக்கு மேல் ஓடும். லெட் ஆசிட் என்றால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, எடையும் அதிகம்.

சோலார் தகடு வைத்து ஏற்றலாமா என்றும் கேட்கிறார்கள். நம் ஊர் வெயிலில் 100 வாட் தகடு நாள் முழுக்க நன்றாக வெயில் பட்டால் 350, 400 வாட் அவர் கொடுக்கும். டிவிக்கு அது தாராளம். ஆனால் நிழலான இடம் தேடித்தான் கூடாரம் போடுவோம் என்பதை மறக்காதீர்கள். தகட்டுக்கு நீளமான ஒயர் வேண்டும்.

லைட்டர் சாக்கெட்ல இருந்தே எடுத்துக்கலாமா, தனியா ஒயர் இழுக்கணுமா?

காருக்குள், முன்சீட்டுக்குப் பக்கத்தில், 40 வாட் வரை என்றால் லைட்டர் சாக்கெட்டே போதும். அதன் ஃபியூஸ் பல கார்களில் 10 அல்லது 15 ஆம்பியர், நமக்கு வேண்டியது நாலுகூட இல்லை. ஒரே சாக்கெட்டில் மூன்று வழி பிரித்து, அதில் டிவி, ஏர் பம்ப், போன் சார்ஜர் என்று அடுக்காமல் இருந்தால் சரி.

வேனின் பின்பக்கம் அல்லது கூடாரம் வரை போக வேண்டுமென்றால் தனி ஒயர் இழுங்கள், அதுவும் தடிமனாக. குறைந்த வோல்டேஜில் ஒயரின் தடிமன்தான் பாதி வேலை. 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் ஐந்து மீட்டர் தூரத்துக்கு மூன்றரை ஆம்பியர் போனால் அரை வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். 2.5 ஒயர் போட்டால் கால் வோல்ட்டோடு நிற்கும். வீட்டில் 230 வோல்ட்டில் அரை வோல்ட் போனால் யாருக்கும் தெரியாது. ஆனால் பேட்டரி 12-க்கு இறங்கி நிற்கும்போது இங்கே அரை வோல்ட் போனால் டிவி மினுக்கும்.

தனி ஒயர் என்றால் பேட்டரியின் பிளஸ் முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். டிவி பக்கம் ஃபியூஸ் போட்டுவிட்டேன் என்று சிலர் சொல்வார்கள். அது டிவியைக் காப்பாற்றும், வண்டியைக் காப்பாற்றாது. நடுவில் ஒயர் எங்காவது தகட்டில் உரசித் தோல் கிழிந்தால் பேட்டரியின் முழுக் கரண்டும் அந்த இடத்தில்தான் பாயும். தீப்பிடிப்பது அப்படித்தான். 24 இன்ச் டிவிக்கு 7.5 ஆம்பியர், பிரவுன் கலர் பிளேடு ஃபியூஸ் போடுங்கள். அது போனால் அதே அளவில் மாற்றுங்கள், பெரியதாகப் போட்டு ஏமாற்றாதீர்கள்.

பகல்ல ஸ்கிரீன் தெரியவே மாட்டேங்குது. எதைப் பார்த்து வாங்கணும்?

பிரைட்னஸ் எவ்வளவு நிட்ஸ் என்று கேளுங்கள். சாதாரண டிவிகளும் மானிட்டர்களும் 250 வாக்கில் இருக்கும். இருட்டிய பிறகு அது தேவைக்கு மேல். பகலில் ஜன்னல் வெளிச்சத்தில் தெரிய 400-க்கு மேல் வேண்டும். நேர் வெயிலில் எதுவும் தெரியாது, அதற்காகப் பணம் செலவழிக்காதீர்கள். பளபளப்பில்லாத, மேட் திரையாக வாங்குங்கள்.

இதைவிட முக்கியமானது பேனல் வகை. ஐபிஎஸ் என்று இருந்தால் பக்கவாட்டில், கீழேயிருந்து எப்படிப் பார்த்தாலும் நிறம் மாறாது. டிஎன் என்ற பழைய வகை, கீழேயிருந்து பார்த்தால் கறுத்துப்போகும். வேனில் டிவி உயரத்தில் இருக்கும், உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் கீழேயிருந்துதான் பார்ப்பார்கள். கடையில் டிவியை நேருக்கு நேர் பார்த்து வாங்காமல், குனிந்து நிமிர்ந்து பார்த்து வாங்குங்கள்.

மலைல டவரே கிடைக்காது. அப்புறம் எதைப் பார்க்கறது?

வால்பாறை போகும் வழியிலும் கொல்லிமலையிலும் பல இடங்களில் நெட் கிடைக்காது என்பது உண்மை. அதனால் பென் டிரைவ்தான் முதல் துணை. இதில் இரண்டு விஷயம் மாட்டும். டிவி எப்ஏடி 32 முறையில் ஃபார்மேட் செய்த டிரைவை மட்டுமே படிக்கும் என்றால், 4 ஜிபிக்கு மேலான ஒரே ஃபைலை அதில் ஏற்ற முடியாது. அடுத்து, பழைய டிவிகள் எச்.265 முறையில் சுருக்கிய படத்தை ஓட்டாது, சத்தம் மட்டும் வரும் அல்லது அதுவும் வராது. கிளம்புவதற்கு முந்தைய நாள் வீட்டிலேயே அந்த டிவியில் ஒவ்வொரு படத்தையும் ஒரு நிமிடம் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

ஓடிடி செயலியில் டவுன்லோட் செய்த படத்தைப் போனிலிருந்து டிவிக்கு அனுப்பிக்கொள்ளலாம் என்று நம்பிப் போகாதீர்கள். பல செயலிகள் அதை விடாது. போனிலிருந்து ஒயர் வழியாகக் காட்டுவதற்கும் போனின் டைப் சி துளை வீடியோ கொடுக்கும் வகையாக இருக்க வேண்டும். விலை குறைந்த போன்கள் பலவற்றில் அது வெறும் சார்ஜ் துளைதான்.

டிஷ் எடுத்துட்டுப் போனா வேலை செய்யுமா? மேட்ச் பார்க்கணும்.

நிறுத்திய இடத்தில் செய்யும், ஓடும் வண்டியில் செய்யாது. மாதக் கட்டணம் இல்லாத டிடி ஃப்ரீ டிஷ் போதுமென்றால் 60 சென்டிமீட்டர் தட்டும் ஒரு பெட்டியும் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வரும் சேனல்களில் நீங்கள் தேடும் மேட்ச் வருகிறதா என்று முன்னாடியே பார்த்துவிடுங்கள். டிடி தமிழ் வரும், முன்பு பொதிகை என்று இருந்து 2024-ல் பெயர் மாறியதே, அது. செட்டாப் பாக்ஸ்கள் பெரும்பாலும் 12 வோல்ட் அடாப்டரில் ஓடுகிறவை, எனவே டிவிக்குப் போட்ட அதே கன்வெர்ட்டரிலிருந்தே இதற்கும் எடுக்கலாம். ஸ்டிக்கர் பார்க்கும் வேலையை இதற்கும் செய்யுங்கள்.

ஃப்ரீ டிஷ் வருவது ஜிசாட் 15 செயற்கைக்கோளிலிருந்து. அது கிழக்கு 93.5 பாகையில் நிற்கிறது. தமிழ்நாட்டிலிருந்து பார்த்தால் தென்கிழக்கு. போனில் காம்பஸைத் திறந்து சென்னையில் 134, மதுரைப் பக்கம் 122 வாக்கில் வையுங்கள். உயரம் 68 பாகை, அதாவது உச்சி வானத்துக்குக் கிட்ட. அதனால் ஒரு நன்மை உண்டு. சுற்றி மரம் இருந்தாலும் தலைக்கு மேலே கொஞ்சம் வானம் தெரிந்தால் சிக்னல் வந்துவிடும். பெருமழை பெய்யும்போது படம் உறையும், மழை விட்டதும் தானாக வரும். தட்டைத் திருப்பிக்கொண்டு நனையாதீர்கள். கொம்பு ஆண்டெனா வைத்துப் பார்க்கலாமே என்று பெரியவர்கள் கேட்பார்கள். தூர்தர்ஷனின் பழைய தரைவழி ஒளிபரப்பு பெரும்பாலும் நிறுத்தப்பட்டுவிட்டது, மலையில் அதை நம்ப வேண்டாம்.

ஃபயர் ஸ்டிக் மாதிரி ஸ்டிக் மாட்டினா டிவி அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகுது, ஏங்க?

ரீஸ்டார்ட் ஆவது டிவி அல்ல, ஸ்டிக். டிவியின் யூஎஸ்பி துளை பெரும்பாலும் அரை ஆம்பியர்தான் கொடுக்கும், ஸ்டிக்குக்கு ஒரு ஆம்பியராவது வேண்டும். லைட்டர் சாக்கெட்டில் ஒரு நல்ல யூஎஸ்பி சார்ஜர் போட்டு அதிலிருந்து கொடுங்கள்.

ஓடும்போது வேன்ல டிவி போடலாமா? போலீஸ் பிடிக்குமா?

பின்னால் இருப்பவர்கள் பார்க்கலாம். டிரைவர் வீடியோ பார்க்கக் கூடாது, சட்டமும் அதைத்தான் சொல்கிறது. அதனால் டிரைவரின் கண்ணுக்கு நேராகவோ ஓரப் பார்வையிலோ திரை தெரியக் கூடாது. இதில் பலரும் கவனிக்காத ஒன்று, ராத்திரியில் முன்கண்ணாடியில் விழும் பிரதிபலிப்பு. டிரைவருக்குப் பின்னால் மாட்டிய டிவி அவருக்கு நேராகத் தெரியாது. ஆனால் பின்பக்க ஜன்னல்களில் பட்டு, முன்கண்ணாடியில் நீல வெளிச்சமாக ஆடும். ராத்திரி நேரத்தில் ஒருவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, வெளிச்சம் தெரிந்தால் பிரைட்னஸைக் குறைக்கவோ பின்னால் ஒரு திரைச்சீலை கட்டவோ செய்யுங்கள். மலைப் பாதை என்றால் அணைத்தேவிடுங்கள்.

மலையில் அணைக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைக்கு 70. உடம்பு வளைவில் ஆட, கண் மட்டும் ஆடாத திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் குழந்தைகள் பலருக்கு வாந்தி வரும்.

டிவியை வண்டியிலேயே நிரந்தரமா மாட்டி விட்டுடலாமா?

வேனில் மாட்டலாம். டிவி முதுகில் நாலு ஸ்க்ரூ ஓட்டைகள் 75 அல்லது 100 மில்லிமீட்டர் சதுரத்தில் இருக்கும், அதற்கேற்ற கிளாம்ப் வாங்கி, ரப்பர் வாஷர் வைத்து இறுக்குங்கள். தகர உடம்பில் வெறுமனே ஸ்க்ரூ அடிக்காமல் பின்னால் ஒரு பட்டை கொடுங்கள். சடன் பிரேக்கில் நாலு கிலோ டிவி யார் தலையிலும் வந்து விழக் கூடாது.

வெயிலையும் யோசியுங்கள். கத்திரி வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய வண்டிக்குள் 60 டிகிரியைத் தாண்டும். டிவிகள் 40, 50 வரை ஓடுவதற்குச் செய்தவை. அப்படிக் கொதித்த வண்டியில் ஏறியதும் டிவியைப் போடாதீர்கள். கதவைத் திறந்து கொஞ்ச நேரம் ஆறவிட்டுப் போடுங்கள். காரில் மாட்டுகிறவர்கள் தேவைப்படும்போது மட்டும் மாட்டிக் கழற்றுகிற மாதிரி வைத்துக்கொள்வது நல்லது.

டிவிக்குப் பதிலா புரொஜெக்டர் எடுத்துட்டுப் போலாம்ல? பெரிசா தெரியும்.

இருட்டில் மட்டும். பெட்டியில் ஆயிரக்கணக்கில் லூமன்ஸ் (வெளிச்ச அளவு) போட்டிருந்தாலும் ஏஎன்எஸ்ஐ லூமன்ஸ் எவ்வளவு என்று தேடிப் பாருங்கள், அதுதான் உண்மையான அளவு. 200, 300 இருந்தால் நல்ல இருட்டில் ஒரு வெள்ளை வேட்டி அகலத்துக்குப் படம் கிடைக்கும். மலிவான வீட்டு புரொஜெக்டர்கள் பல நேராக 230 வோல்ட் கேட்கும், இன்வெர்ட்டர் இல்லாமல் முடியாது. கரண்டும் டிவியைவிடக் கூடுதல். மழை பெய்து விட்ட ராத்திரிகளில் ஈசல், பூச்சி எல்லாம் வேட்டியில்தான் வந்து உட்காரும். என்னைக் கேட்டால் டிவியே மேல்.

காட்டுப் பக்கம் தங்கும்போது டிவி போடலாமா?

காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் தங்கவே முடியாது. நான் சொல்வது காட்டை ஒட்டிய தனியார் இடங்கள், ஊர் ஓரங்கள். பந்திப்பூர் வழி ராத்திரி 9 முதல் காலை 6 வரை அடைப்பு என்பதால், மைசூர் போகிறவர்கள் கூடலூர்ப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு ராத்திரியைக் கழிப்பார்கள். அங்கே யானை வரும். வெளியே திரை கட்டி, ஸ்பீக்கர் வைத்துப் படம் ஓட்டினால் பக்கத்தில் யானை வந்து நின்றாலும் உங்களுக்குக் கேட்காது. ஆபத்து உங்களுக்கு, தொந்தரவு அதற்கு. அந்த இடங்களில் வண்டிக்குள், கதவைச் சாத்தி, ஹெட்போனில் பாருங்கள்.

எங்க லாரில ரெண்டு பேட்டரி, 24 வோல்ட். ஒரு பேட்டரில இருந்து மட்டும் 12 எடுத்துக்கறேன், தப்பா?

தப்புதான், ஆனால் நிறைய பேர் செய்கிறார்கள். இரண்டு பேட்டரிகளும் வரிசையில் இணைந்திருப்பதால் ஆல்டர்னேட்டர் இரண்டையும் ஒன்றாகவே ஏற்றும். தினமும் ஒன்றிலிருந்து மட்டும் டிவிக்கு எடுத்தால் அது எப்போதும் குறைச் சார்ஜில் கிடக்கும், மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகித் தண்ணீர் வற்றும். சில மாதங்களில் இரண்டுமே போகும். 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் போட்டு, இரண்டு பேட்டரிக்கும் சேர்த்து எடுங்கள். 10 முதல் 30 வோல்ட் வரை தாங்கும் டிவி என்றால் கன்வெர்ட்டரே வேண்டாம், நேராக 24-லேயே ஓடும்.

32 இன்ச் டிவி போர்டே உள்ளே 12 வோல்ட்லதான் ஓடுதாம், மெக்கானிக் சொன்னார். உள்ளே நேரா ஒயர் கொடுத்துடலாமா?

அவர் சொன்னது பல டிவிகளில் உண்மை. ஆனால் திரைக்குப் பின்னால் இருக்கும் எல்இடி பட்டைகளுக்கு அதைவிடக் கூடின வோல்டேஜ் வேண்டும், அது பவர் போர்டிலிருந்து வருகிற மாடல் என்றால் படம் இருக்கும், வெளிச்சம் இருக்காது. வெளிச்சம் கொடுக்கும் சர்க்யூட்டும் மெயின் போர்டிலேயே இருக்கிற, 12 வோல்ட் உள்ளீடு உள்ள மாடலில் மட்டும்தான் இது நடக்கும். அப்போதும் மூன்றாவது கேள்வியில் சொன்ன கன்வெர்ட்டர் கட்டாயம். வாரண்டி போய்விடும். நீங்களாகத் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் போர்டின் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும்.

டிவி சத்தத்தை வேன் ஸ்பீக்கர்ல கொடுத்தா என்ஜின் ஏற ஏற ஒரு விசில் சத்தம் வருது. என்ன பண்றது?

ஆல்டர்னேட்டர் சத்தம் அது. டிவியும் வேன் ஆம்பிளிஃபயரும் ஒரே பேட்டரியில் வேறு வேறு இடத்தில் மைனஸ் எடுத்திருக்கின்றன, ஆடியோ ஒயர் அவை இரண்டையும் இன்னொரு வழியாகச் சேர்க்கிறது. அந்தச் சுற்றில் ஓடும் கொஞ்சம் கரண்ட்தான் ஸ்பீக்கரில் விசிலாக வருகிறது. ஆடியோ ஒயரைப் பிடுங்கிப் பாருங்கள், விசில் நின்றால் இதுதான் காரணம்.

முதலில் டிவியின் மைனஸையும் ஆம்பிளிஃபயரின் மைனஸையும் ஒரே முனையில் கொண்டுவந்து இறுக்குங்கள். பாதிப் பேருக்கு அதிலேயே சரியாகிவிடும். இல்லையென்றால் 3.5 மில்லிமீட்டர் ஆடியோ ஒயரின் நடுவே அந்தச் சுற்றைத் துண்டிக்கும் ஒரு கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் மாட்டுங்கள், கட்டைவிரல் அளவுதான் இருக்கும், அதற்குத் தனிக் கரண்ட் வேண்டாம். புளூடூத் வழியாகக் கொடுத்தாலும் விசில் வராது. ஆனால் உதடு அசைவும் சத்தமும் கொஞ்சம் விலகும், டிவி செட்டிங்கில் ஆடியோ டிலே இருந்தால் அதை வைத்துச் சரிசெய்துகொள்ளலாம்.